பிரின்ஸ் ஆப் பெர்சியா: அருமையான கேம், ஆறு குறைகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். பெரியவர்கள் இமெயில் பார்க்க வேண்டும், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொண்டிருப்பார்கள். அதற்குள் சிறுவர்கள் ஏதாவது ஒரு கேமைத் தேடிப் பிடித்து விளையாடத் தொடங்கியிருப்பார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. கீ போர்டு பயம் போக நல்ல கேம் போன்ற பயிற்சி வேறு கிடையாது.

அப்படித் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே விளையாடிப் பழகிய கேம் பிரின்ஸ் ஆப் பெர்சியா. டாஸ் சிஸ்டத்தில் இயங்கியது. கம்ப்யூட்டர் சென்டர்களிலும் பள்ளி லேப்களிலும் டேவ் கேமுக்குப் பக்கத்திலேயே இதுவும் இருக்கும். வெள்ளை உடை அணிந்த ஒரு சிறிய உருவம், பாதாளச் சிறையில் ஓடும், தாவும், விளிம்பைப் பிடித்துத் தொங்கும். பின்னால் நான்கு பேர் நின்று கொண்டு "தாவு, தாவு" என்று கத்துவார்கள்.

இந்த கேமைப் புகழ்ந்து எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் இங்கே இதன் குறைகளைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் இருக்கிறது. கேமில் தோற்றால் "எனக்கு இது வரவில்லை" என்று நாமே சொல்லிக் கொள்கிறோம். பல நேரம் அது உண்மைதான். சில நேரம் தவறு கேமை வடிவமைத்தவருடையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், கம்ப்யூட்டரில் நீங்கள் பயன்படுத்தப் போகும் மற்ற புரோகிராம்களுக்கும் அது உதவும்.

கேம் பிறந்த கதை

இதை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். கல்லூரியில் படிக்கும்போதே, 1984-ல், கராத்தேகா என்ற கேமை எழுதி வெற்றி கண்டவர். அடுத்த ஆண்டு பிரின்ஸ் ஆப் பெர்சியா வேலையைத் தொடங்கினார். தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்தார். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் வரைந்து இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். அதனால்தான் அந்தச் சிறிய உருவம் உண்மையான மனிதனைப் போலவே ஓடுகிறது.

ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக பிராடர்பண்ட் நிறுவனம் 1989-ல் இதை வெளியிட்டது. நம் ஊரில் பரவிய டாஸ் பதிப்பு 1990-ல் வந்தது. ஆப்பிள் 2-க்கு அவர் எழுதியபோது அவரிடம் இருந்த மெமரி 128 கிலோபைட். இன்று மொபைலில் எடுக்கும் ஒரு சாதாரண போட்டோவே இதைப் போலப் பல மடங்கு இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

கதை எளிமையானது. சுல்தான் ஊரில் இல்லாதபோது ஜாபர் என்ற மந்திரி ஆட்சியைப் பிடிக்கிறான். தன்னை மணக்க வேண்டும், இல்லையேல் மரணம் என்று இளவரசிக்கு ஒரு மணி நேரம் கெடு வைக்கிறான். சிறையில் கிடக்கும் நாயகன் 12 லெவல்களைக் கடந்து 60 நிமிடங்களுக்குள் அவளைக் காப்பாற்ற வேண்டும். இந்த 60 நிமிடம் நம் சுவர்க் கடிகாரத்தின் 60 நிமிடமேதான்.

எதில் இது நேர்மையான கேம்?

குறைகளுக்குப் போகும் முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். இந்த கேமின் அடிப்படை விதிகள் கறாரானவை, ஆனால் மாறாதவை. ஒரு மாடி உயரம் விழுந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு மாடி விழுந்தால் ஒரு உயிர்ப் புள்ளி குறையும். மூன்று மாடி விழுந்தால் மரணம். ஓட ஆரம்பித்தால் நிற்க ஓரிரு அடி பிடிக்கும். ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு நடந்தால் பள்ளத்தின் விளிம்பில் தானாக நின்று கொள்ளும்.

முதல் லெவலில் வாள் ஓரிடத்தில் கிடக்கும். அதை எடுக்காமல் காவலன் முன்னால் போனால் ஒரே வீச்சில் ஆட்டம் முடியும். முதல் முறை கோபம் வரும். ஆனால் எதனால் தோற்றோம் என்று உடனே தெரிகிறது. அவன் கையில் வாள் இருந்தது, நம் கையில் இல்லை. அவ்வளவுதான். அடுத்த முறை வாளைத் தேடிப் போவோம். இது கண்டிப்பு. இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சரி, குறைகளைப் பார்க்கலாமா?

குறை 1: கடிகாரமும் சேவ் பைலும்

இந்த கேமில் மூன்றாவது லெவலில் இருந்து கண்ட்ரோல் கீயுடன் ஜி அழுத்தி ஆட்டத்தை சேவ் செய்திடலாம். கண்ட்ரோல் கீயுடன் எல் அழுத்தினால் பிறகு அதே லெவலில் இருந்து தொடரலாம். நல்ல வசதிதானே என்று தோன்றும். சிக்கல் இங்கேதான்.

சேவ் ஆகும் பைலின் பெயர் பிரின்ஸ் டாட் சேவ். அதற்குள் இருப்பவை நான்கே எண்கள். மீதமுள்ள நிமிடம், அந்த நிமிடத்தில் மீதமுள்ள நேரம், எந்த லெவல், அந்த லெவலைத் தொடங்கியபோது இருந்த உயிர்ப் புள்ளி. லெவலில் நீங்கள் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பது அதில் இல்லை. எனவே லெவலின் நடுவில் சேவ் செய்தால், கழிந்த நேரம் கழிந்ததாகவே பதிவாகும். ஆட்டமோ லெவலின் தொடக்கத்தில் இருந்துதான் கிடைக்கும். இன்னொன்று, சேவ் பைல் ஒன்றே ஒன்றுதான். புதிதாக சேவ் செய்தால் பழையது அழிந்து போகும்.

பாலவாக்கத்தில் எங்கள் தெருவில், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அண்மையில்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார். "எங்க ஆபீஸ்ல மதிய சாப்பாட்டு நேரத்துல பசங்க விளையாடுவாங்களே, ஒரு ராஜகுமாரன் கேம், அது இப்போ கிடைக்குமா தம்பி?" என்று என்னைக் கேட்டார். பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய விண்டோஸில் ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராமைப் போட்டு, அதில் கேமை அமைத்துக் கொடுத்தேன்.

ஒன்பதாவது படிக்கும் பேத்தி கீ போர்டைப் பிடித்துக் கொள்வாள். அவர் பக்கத்தில் அமர்ந்து ஒரு நோட்டில் வரைபடம் போடுவார். இந்த கேமில் வரைபடம் கிடையாது. ஒரு லெவலில் அதிகபட்சம் 24 அறைகள் வரை இருக்கும். எந்த அறையில் கதவு, எந்த அறையில் மருந்து பாட்டில் என்று கட்டம் கட்டிக் குறித்து வைப்பார். மின் இணைப்பு வரைபடங்களைப் பார்த்துப் பழகிய கை. பார்க்கவே அழகாக இருக்கும்.

பத்து நாள் கழித்துப் பார்த்தபோது முகம் வாடியிருந்தது. ஏழாவது லெவலின் தொடக்கத்தில் சேவ் செய்திருந்தார்கள். மீதம் 9 நிமிடம். இன்னும் ஆறு லெவல்கள் பாக்கி. எத்தனை முறை முயன்றாலும் எட்டாவது லெவலைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

"எனக்கு வயசாயிடுச்சு தம்பி. இதெல்லாம் சின்னப் பசங்களுக்குத்தான் சரி. கம்ப்யூட்டரையே பேத்தி ரூம்ல தூக்கி வச்சிடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

"நான்தானே தாத்தா விளையாடினேன், நீ ஏன் இப்படிப் பேசுற?" என்றாள் பேத்தி.

"சார், இது உங்க தப்பும் இல்ல, பாப்பா தப்பும் இல்ல. அந்த சேவ் பைல் எப்பவோ செத்துப் போச்சு. அதை கேம் உங்ககிட்ட சொல்லவே இல்ல" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். அறை அறையாகப் போய்த் தேடு என்று இந்த கேம் அழைக்கிறது. நல்ல மருந்து பாட்டில்களை ஓரமான அறைகளில் ஒளித்து வைக்கிறது. தேடிப் போகிறவரிடம் அதற்கான நேரத்தைக் கழித்துக் கொள்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மீதி நேரம் தெரியும், அதுவாகவே அவ்வப்போது நினைவூட்டவும் செய்யும். ஆனால் 9 நிமிடத்தில் ஏழாவது லெவலில் நிற்பது புதியவருக்கு முடிந்து போன ஆட்டம் என்பதை அது சொல்வதில்லை. சேவ் செய்யும்போது பழைய, நல்ல பைலை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிவிடுகிறது. கடிகாரம் தனியாக இருந்தால் விறுவிறுப்பு. சேவ் ஒன்றே ஒன்றாக இருப்பதுகூட அந்தக் காலச் சிக்கனம் என்று விடலாம். இரண்டும் சேரும்போது, பல நாள் உழைப்பு சத்தமில்லாமல் வீணாகிறது. ஆறு குறைகளில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

குறை 2: செத்தால் முதலில் இருந்து

ஒரு லெவலில் எங்கே இறந்தாலும் அந்த லெவலின் தொடக்கத்துக்கே போக வேண்டும். கடிகாரம் மட்டும் பின்னால் போகாது. நடுவழியில் இருந்து தொடரும் வசதி மூன்றாவது லெவலில் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டிய பிறகு இறந்தால் அங்கேயே எழுவீர்கள்.

இதைப் பார்த்த புதியவர் என்ன நினைப்பார்? மற்ற லெவல்களிலும் இப்படி இருக்கும் என்றுதான் நினைப்பார். இருக்காது. ஒரு வசதியை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் கொடுக்காமல் இருப்பது, கொடுக்காமலே இருப்பதைவிட அதிகக் குழப்பம் தரும்.

குறை 3: அடுத்த திரையில் என்ன?

இந்த கேமின் திரை நகராது. ஒரு அறை முடிந்தால் அடுத்த அறை சட்டென்று மாறும். ஒரு திரைக்குப் பத்துக் கட்ட அகலம், மூன்று மாடி உயரம். ஓடித் தாவும்போது திரையின் விளிம்பைக் கடந்தால், அந்தப் பக்கம் தரை இருக்கிறதா, ஈட்டி இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. பார்க்காத இடத்துக்குத் தாவச் சொல்லி, தாவியதற்குத் தண்டனை கொடுப்பது விளையாடுபவரின் திறமையைச் சோதிப்பதாகாது.

கதவுகளும் அப்படித்தான். தரையில் உள்ள பலகையை மிதித்தால் எங்கோ ஒரு கதவு திறக்கும். எந்தப் பலகை எந்தக் கதவுக்கு என்று காட்டுவதில்லை. திறந்த கதவு மெல்ல மூடிக் கொண்டே வரும். மூடுவதற்குள் கண்டுபிடித்து ஓட வேண்டும். பெரியவரின் நோட்டில் பாதிப் பக்கங்கள் இந்தப் பலகைகளுக்கே போயின.

குறை 4: விதி மாறும், சொல்லாது

நான்காவது லெவலில் வெளியேறும் வாசலைத் திறந்துவிட்டுத் திரும்பினால், வந்த வழியில் ஒரு கண்ணாடி நிற்கும். அதை உடைக்க முடியாது, ஏற முடியாது. ஓடி வந்து அதற்குள்ளேயே தாவ வேண்டும். தாவினால் நம் நிழல் தனி உருவமாகப் பிரிந்து மறுபக்கம் ஓடும். நம் உயிர்ப் புள்ளி ஒன்றாகக் குறையும். அதுவரை சுவரில் மோதினால் நிற்க வேண்டும் என்றுதானே படித்தோம்?

12-வது லெவலில் அந்த நிழலே வாளோடு எதிரில் வரும். அதை வெட்டினால் நமக்கே அடி விழும். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி ஓடினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு தரையே இல்லாத இடத்தில் ஓட வேண்டும். ஓட ஓடக் காலடியில் தரை தோன்றும். அதுவரை 11 லெவல்களில் பள்ளத்தில் கால் வைக்காதே என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்த கேம் இது.

நிழலுடன் சண்டையை மன்னித்து விடலாம். நான் அடித்தால் எனக்கே வலிக்கிறது என்பது திரையிலேயே தெரிகிறது. யோசித்தால் விடை கிடைக்கும். யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு அந்த நிமிடம் மறக்காது. தரை தோன்றும் இடத்தில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை.

எட்டாவது லெவலில் நடப்பது வேறு. ஒரு கட்டத்தில் கதவுக்குப் பின்னால் மாட்டிக் கொள்வீர்கள். எந்தக் கீயை அழுத்தினாலும் பயனில்லை. ஒன்றும் செய்யாமல் சில நொடிகள் காத்திருந்தால், இளவரசி வளர்க்கும் வெள்ளை எலி ஓடி வந்து பலகையை மிதித்துக் கதவைத் திறக்கும். கதையாகப் பார்த்தால் இந்த கேமிலேயே மிக அழகான இடம். பேத்தி இதைப் பார்த்த அன்று என்ன சொன்னாள் தெரியுமா? "ஹேங் ஆயிடுச்சு தாத்தா, ஆப் பண்ணிடு." அவர் பட்டனில் கை வைத்தபோதுதான் எலி வந்தது.

காத்திரு என்று சொல்லாத புரோகிராமும், ஹேங் ஆன புரோகிராமும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். இதனால்தான் இன்று நல்ல புரோகிராம்களில் பைல் காப்பி ஆகும்போது பச்சைப் பட்டை நகர்கிறது, வட்டம் சுற்றுகிறது.

குறை 5: ஷிப்ட் கீயின் ஐந்து வேலைகள்

மெல்ல நடக்க ஷிப்ட். விளிம்பைப் பிடிக்க ஷிப்ட். வாளை எடுக்க ஷிப்ட். மருந்து குடிக்க ஷிப்ட். சண்டையில் வெட்டவும் ஷிப்ட். குறைந்த கீகளில் விளையாட வைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மருந்து பாட்டிலுக்குச் சரியான இடத்தில் நிற்காமல் ஷிப்ட் அழுத்தினால் குடிப்பது நடக்காது.

மருந்திலும் ஒரு சிக்கல். நல்ல மருந்துக்குச் சிவப்புக் குமிழி, விஷத்துக்கு நீலக் குமிழி. நிறம் ஒன்றே அடையாளம். நிறம் காட்டாத பழைய மானிட்டரில் விளையாடியவருக்கு எந்த பாட்டிலைக் குடிப்பது என்பது சீட்டுக் குலுக்கல்தான். எழுத்தோ வடிவமோ இல்லாமல் நிறத்தை மட்டும் நம்பி எச்சரிக்கை கொடுக்கக் கூடாது என்பது இன்று புரோகிராம் எழுதுபவர்களுக்குச் சொல்லித் தரப்படும் ஆரம்பப் பாடம்.

குறை 6: பாட்டில் அறை

டாஸ் பதிப்பின் ஆரம்பத்திலேயே ஓர் அறை வரும். பல பாட்டில்கள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கேமுடன் வந்த புத்தகத்தில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல், அதன் முதல் எழுத்து எது என்று கேட்கும். அந்த எழுத்துள்ள பாட்டிலைக் குடித்தால்தான் மேலே போகலாம். திருட்டு காப்பியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது.

இதன் நியாயம் புரிகிறது. நான்கு ஆண்டு உழைத்தவருக்குக் கூலி கிடைக்க வேண்டும். ஆனால் பணம் கொடுத்து வாங்கியவரின் வீட்டில் புத்தகம் தொலைந்து போனால் அவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். திருடனைப் பிடிக்க வைத்த பூட்டு வீட்டுக்காரரையும் சேர்த்துப் பூட்டியது.

கண்டிப்பு வேறு, ஒளிப்பு வேறு

இந்த ஆறையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வாள் இல்லாமல் போனால் மரணம் என்பது கண்டிப்பு. விதி தெரியும், காரணம் தெரியும், திருத்திக் கொள்ள வழி தெரியும். செத்துப் போன சேவ் பைலும், பார்க்க முடியாத திரையும், சொல்லாத காத்திருப்பும் ஒளிப்பு. இதில் விளையாடுபவர் கற்றுக் கொள்ள ஒன்றும் இல்லை.

இவற்றில் சில மெமரி பற்றாக்குறையால் வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். அதே பற்றாக்குறை ஓர் அற்புதத்தையும் கொடுத்தது. முதலில் இந்த கேமில் எதிரிகளே இல்லை. எதிரியை வரைய மெமரி இல்லை. அப்போது மெக்னர், இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி அதன் மேலேயே கலந்து மின்னும் உருவம் ஒன்றை உருவாக்கினார். புதிய படம் ஒன்றுகூட வரையாமல் பிறந்தவன்தான் அந்த நிழல் மனிதன். காவலர்களுக்கான இடத்தைப் பிறகு மெமரியில் தேடிப் பிடித்தார்.

இந்த கேமின் புரோகிராம் வரிகளை நாமும் பார்க்கலாம். மெக்னரின் தந்தை 2012-ல் வீட்டில் பழைய டிஸ்க்குகள் கொண்ட பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய டிஸ்க்குகளை மீட்பதில் அனுபவம் உள்ளவர்கள் உதவியுடன் அவற்றைப் படித்து, ஆப்பிள் 2 பதிப்பின் முழு புரோகிராமையும் மெக்னர் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார்.

பின்னால் வந்தவர்கள் செய்த மாற்றம்

யூபிசாப்ட் நிறுவனம் 2003-ல் சேண்ட்ஸ் ஆப் டைம் என்ற புதிய பிரின்ஸ் கேமை வெளியிட்டது. மெக்னரும் அதில் பங்கேற்றார். அதில் இளவரசனிடம் ஒரு மாயக் கத்தி இருக்கும். தவறித் தாவி விழுந்தால், கத்தியின் சக்தியால் சில நொடிகள் காலத்தைப் பின்னால் ஓட்டித் திருத்திக் கொள்ளலாம். அளவோடுதான் கிடைக்கும், மணல் தீர்ந்தால் முடியாது. 1989 கேமில் நேரம் எதிரி. 2003 கேமில் நேரம் கையில் உள்ள கருவி.

அதே நிறுவனம் 2008-ல் வெளியிட்ட கேமில், இளவரசன் விழும்போதெல்லாம் எலிகா என்ற துணைவி கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். தோல்வியே இல்லை. சுவையும் குறைந்துவிட்டது என்று பலர் முகம் சுளித்தார்கள். ஒளிப்போடு சேர்த்துக் கண்டிப்பையும் எடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

2024 ஜனவரியில் வந்த லாஸ்ட் கிரவுன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பெரிய உலகம், சுற்றிச் சுற்றித் தேட வேண்டிய கேம். வழியில் திறக்க முடியாத கதவைப் பார்த்தால், அந்த இடத்தைப் படம் பிடித்து வரைபடத்திலேயே ஒட்டி வைத்துக் கொள்ளலாம். பின்னால் சக்தி கிடைத்ததும் படத்தைப் பார்த்துத் திரும்பி வரலாம். சண்டை கடினம்தான், நினைவாற்றலுக்கு மட்டும் உதவி உண்டு. பாலவாக்கத்துப் பெரியவர் நோட்டில் செய்த வேலையை இங்கே கேமே செய்கிறது.

இன்று விளையாட விரும்புகிறீர்களா?

பழைய கேமை அப்படியே விளையாட எஸ்.டி.எல்.பாப் என்ற இலவசப் பதிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் எஸ், டி, எல், பி, ஓ, பி என்ற ஆறு எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து தேடினால் கிட்ஹப் பக்கம் கிடைக்கும். ரசிகர்கள் டாஸ் பதிப்பை ஆராய்ந்து இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும்படி எழுதியது. கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, இதில் எப்6 கீயை அழுத்தினால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும். எப்9 அழுத்தினால் அந்த இடத்துக்கே திரும்பலாம்.

இரண்டாவது, கேமுடன் வரும் செட்டிங் பைலை நோட்பேடில் திறந்தால், தொடங்கும் நிமிடங்கள் 60 என்ற வரி இருக்கும். கஸ்டம் செட்டிங் பகுதியை இயக்கிவிட்டு அந்த எண்ணை மாற்றலாம். புதியவர்கள் 120 என்று வைத்துத் தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாற்றும் முன் அந்த பைலை ஒரு காப்பி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஷிப்ட் கீயைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் ஒரு கட்டத்தைக் காட்டி ஆட்டத்தைக் கெடுக்கும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிடி, கீ போர்டு, ஸ்டிக்கி கீஸ் என்று போய் அதற்கான கீ போர்டு ஷார்ட்கட்டை ஆப் செய்திடுங்கள். வைரஸ் என்று பயந்து விட வேண்டாம்.

நான்காவது, டாஸ்பாக்ஸில் பழைய பதிப்பையே விளையாடுபவர்களுக்கு. ஒவ்வொரு லெவலிலும் சேவ் செய்தவுடன் கேமை மூடிவிட்டு, போல்டரைத் திறந்து பிரின்ஸ் டாட் சேவ் பைலைத் தேடுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி கொடுங்கள். வேறு ஒரு போல்டரில் பேஸ்ட் செய்து, லெவல் எண்ணையும் மீதி நிமிடத்தையும் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். ஆட்டம் கெட்டுப் போனால் நல்ல பைலை எடுத்துப் பழைய பெயரில் மீண்டும் கேம் போல்டரில் வைத்தால் போதும்.

பெரியவருக்கு இந்த நான்காவது வழியைத்தான் சொல்லிக் கொடுத்தேன். எப்6 வேண்டாம், பழைய கேமிலேயே முடிப்பேன் என்று பிடிவாதம். ஆட்டத்தை முதலில் இருந்து தொடங்கினார்கள். பைலை காப்பி செய்வது, பேஸ்ட் செய்வது, பெயர் மாற்றுவது, புதிய போல்டர் உருவாக்குவது எல்லாம் ஒரே வாரத்தில் அவருக்குக் கை வந்துவிட்டது. வரைபடம் ஏற்கெனவே இருப்பதால் நேரமும் மிச்சம். இதை எழுதும்போது பத்தாவது லெவலில் இருக்கிறார்கள். மீதி 19 நிமிடம். போல்டரில் எட்டு சேவ் பைல்கள். ஓய்வூதியப் பேப்பர்களையும் ஸ்கேன் செய்து அதே முறையில் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார்.

கேமுக்கு அப்பால்

நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் ஒரு படிவம் பாதியில் நின்றால், தவறு செய்தது பயன்படுத்தியவரா, எழுதிய நாங்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான நேரம் விடை எங்கள் பக்கமே இருக்கும். ஆனால் வீட்டில் அமர்ந்து அந்தப் படிவத்தை நிரப்புபவர் தன்னையே நொந்து கொள்கிறார்.

எனவே அடுத்த முறை ஒரு புரோகிராம் உங்களைத் திணறடித்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன தவறு நடந்தது என்று அது சொல்கிறதா? இதுவரை செய்த வேலையைப் பத்திரமாக வைத்திருக்கிறதா? திரும்பிப் போக வழி வைத்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், இன்னும் கொஞ்சம் பழகுங்கள், வந்துவிடும். இல்லை என்ற பதில் வந்தால், உங்கள் வேலையைத் தனியாக ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள். இளவரசன் ஷிப்ட் அழுத்தி நடப்பதைப் போல.